மான் குட்டி போடும் பள்ளம்

டெல்வின் ஓக்கர்லண்ட் அன்று காலை மகளிடம் ஒரு பொய் சொன்னார். மகளும் அவரிடம் ஒரு பொய் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே இடத்தை மறைக்கத்தான் பொய் சொன்னார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வெளியே இன்னும் விடியவில்லை. டெல்வினின் மனைவி ஆர்லா அடுப்பில் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தாள். மேஜையின் அந்தக் கோடியில் மகள் ஷைலீன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியில் டெல்வின் ஃபிளாஸ்கில் சூடான சாக்லேட்டை ஊற்றிக்கொண்டிருந்தார். நடுவில் வெண்ணெய்க் கிண்ணமும், மார்ச் மாதத்திலிருந்து ஆறாத ஒரு கோபமும் இருந்தன.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றாள் ஷைலீன். மரியாதைக்குக் கேட்டாள், அவ்வளவுதான்.

"கீழ உப்பளத்துப் பக்கம். ரோட்டோரமா ரெண்டு நரி சுத்துதாம். நீ?"

"வடக்கு மலைக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான். கூட வர்றவனுக்குக் காய்ச்சல்."

"அடேயப்பா, ரெண்டு பேரும் பேசிட்டீங்க! காலண்டர்ல குறிச்சு வைக்கணும்," என்றாள் ஆர்லா. யாரும் சிரிக்கவில்லை.

உப்பளமாவது வடக்கு மலையாவது! இருவரும் போகப்போவது பியர்சன் பள்ளத்துக்கு. ஊருக்கு மேலே, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஊற்று கசியும் அந்தப் பள்ளத்தில்தான் ஜூன் மாதம் மான்கள் குட்டி போடும்.

யூட்டா மாநிலத்தின் அந்த மூலையில் இடம் சொல்லாமல் இருப்பது ஒரு தர்மம். வேட்டைக்காரன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுவான், அவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவான், அவன் செத்தால் பெட்டியைத் தூக்குவான். கயோட்டி நரி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டான். வண்டியை ஒரு பள்ளத்தில் நிறுத்திவிட்டு மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்கு நடப்பான். ஷைலீன் அந்த வீட்டில் பிறந்தவள்தானே, அவளுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. அவள் வேலையும் அப்படி. பிறந்த மான்குட்டிகளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிவிட்டு, எது பிழைக்கிறது, எது சாகிறது, எதனால் சாகிறது என்று பார்க்கும் வேலை. குட்டி இருக்கும் இடத்துக்குத்தானே கயோட்டி வரும் என்று போன வருடம் சிலர் அவள் வண்டியின் பின்னாலேயே வந்தார்கள். அதிலிருந்து அவள் வண்டியைப் பழைய ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு நடந்தாள். இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவும் இருந்தது.

கயோட்டி என்பது நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் நரி என்றே திட்டுவார்கள். அதைச் சுட்டு, இரண்டு காதோடு தலைத்தோலையும் கீழ்த்தாடையையும் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசு சன்மானம் தரும். கயோட்டி குறைந்தால் மான் பெருகும் என்பது கணக்கு. அந்த ஊரில் அக்டோபர் மான் வேட்டைதான் திருவிழா. பள்ளிக்கூடமே மூடிவிடுவார்கள். அந்த மான் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தால் யார் மேலாவது பழி போட வேண்டாமா? கயோட்டி மேல் போட்டார்கள். கயோட்டியும் ஒன்றும் யோக்கியம் இல்லை. இளங்குட்டி கிடைத்தால் விடாது.

மார்ச் மாதம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. சன்மானத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று ஊரைக் கேட்டார்கள். ஷைலீன் எழுந்து, தான் பார்த்ததைச் சொன்னாள்.

"நீங்க பனிக்காலத்துல, ரோட்டோரத்துல, வண்டி போற எடத்துல சுடுறீங்க. அந்தக் கயோட்டிக்கும் மலை மேல இருக்குற மானுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணைச் சுட்டா வசந்தத்துக்குள்ள வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கும். நான் காலர் மாட்டின குட்டிங்க பாதிக்கு மேல கயோட்டியால சாகல. மழை இல்ல, புல்லு இல்ல, தாய்க்குப் பால் இல்ல. உண்மையிலேயே பிரயோஜனம் வேணும்னா, மான் குட்டி போடுற எடத்துல, குட்டி போடுற நேரத்துல, அங்க குடியிருக்குற ஜோடியைத்தான் எடுக்கணும். அதுவும் வருஷா வருஷம். ஜூன்ல அந்த மலை மேல ஏறுறவங்க இங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஊர் ஆண்பிள்ளைகளின் முகத்தில் அறைந்தது போல ஆகிவிட்டது. எல்லோரும் டெல்வினைத்தான் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அதிகமாகச் சுட்டவர் அவர்தான். கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

டெல்வின் எழுந்தார். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"என் பொண்ணு பெரிய படிப்பு படிச்சவ," என்றார். "செலவு பண்ணவன் நான்தான், எனக்குத் தெரியும். டாக்டருக்குப் படிக்க வெச்சிருக்கலாம், வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கலாம். இப்பத்தான் தெரியுது, வக்கீலுக்குத்தான் படிச்சிருக்கா. கட்சிக்காரன் யாருன்னா, கயோட்டி!"

கூடமே அதிர்ந்தது. காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள். மறுநாள் பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவன் ஷைலீனைப் பார்த்து, "வக்கீலம்மா, கோர்ட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்றான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்: மாண்டானா மாநிலத்தில் ஒரு வேலை கேட்டிருக்கிறேன், இந்தக் கோடை முடிந்ததும் போகிறேன், கிறிஸ்துமஸுக்கு வா, அதுக்கு வா, இதுக்கு வா என்று கூப்பிடாதீர்கள்.

டெல்வினுக்கு அது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஒரே பிள்ளை. ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். பத்துத் தடவை வாய் திறந்தார், பத்துத் தடவையும் 'வண்டிக்கு ஆயில் மாத்தினியா?' என்றுதான் வந்தது. சில அப்பன்மார்களுக்கு அப்படி ஒரு வியாதி.

இன்னொன்றும் அவரை அரித்தது. அவள் கேட்ட கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. ஜூன் மாதம் யார் ஏறுகிறீர்கள்? அவர் சுட்டதெல்லாம் ரோட்டோரம். வண்டியிலிருந்து இறங்கி, சிகரெட் பிடிக்காத அந்த ஊரில் ஒரு சிகரெட் பிடிக்கும் தூரம்கூட நடக்காமல் சுட்டது. அவள் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? சரிதான் என்று அவருக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. சரி, அவள் சொன்னபடியே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. பியர்சன் பள்ளத்து ஜோடியை எடுத்துவிட வேண்டும். அந்தப் பள்ளத்துக் குட்டிகள் பிழைத்து நிற்க வேண்டும். அவள் பெட்டி கட்டும்போது போய், 'நீ சொன்னபடி செஞ்சேன்மா, நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல வேண்டும். அப்புறமும் போவாளா என்ன?

ஐம்பத்தெட்டு வயது முட்டியோடு அவர் ஒரு வாரமாக மலை ஏறினார். ஊற்றோரம் ஜோடிக் கயோட்டியின் தடம் பார்த்தார். இன்றைக்கு அதுகளை முடித்துவிடுவது என்று வந்திருந்தார்.

பொழுது வெளுக்கும்போது ஒரு ஜூனிபர் மரத்தடியில் குப்புறப் படுத்திருந்தார். காற்று எதிரே இருந்து வந்தது, நல்லதாயிற்று. கீழே இடுப்பளவு சேஜ் புதர் சாம்பல் பூத்த மாதிரி பரவிக் கிடந்தது. அதற்கப்பால் ஆஸ்பென் மரங்கள். முதுகுப்பையின் மேல் ரைஃபிளை வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஊதலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மான்குட்டி உயிர் போகிற மாதிரி கத்தும் ஊதல் அது. அதைக் கேட்டால் கயோட்டி ஓடி வரும்.

ஊதலை வாயில் வைக்கவில்லை, அதற்குள் கீழேயிருந்து ஒரு குட்டி கத்தியது.

டெல்வின் ஊதலை விட்டார். ஊதலில் வரும் சத்தம் இல்லை இது. நிஜக் குட்டி. குரல் நடுவில் உடைந்து, மறுபடி எழுந்தது. 'அடப்பாவி, முந்திக்கிட்டான்,' என்று நினைத்தார். நரி குட்டியின் மேல் விழுந்துவிட்டது. இரண்டு நிமிடம் முன்னால் ஊதியிருந்தால்!

ரைஃபிள் மேலிருந்த ஸ்கோப் கண்ணாடியில் கண்ணை வைத்தார். புதர், புதர், புதர். பிறகு அது தெரிந்தது. இரண்டு புதர்களுக்கு நடுவே மண் நிறத்தில் ஒரு முதுகு. தாழ்ந்து குனிந்து, எதையோ கீழே போட்டு அமுக்கிக்கொண்டிருந்தது. முதுகு அசைய அசைய, குட்டி கத்தியது.

குறுக்குக் கோட்டை முதுகின் மேல் நிறுத்தினார். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினார்.

தலை தெரியவில்லை. தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் சுடுவதில்லை. எல்லாச் சன்மான வேட்டைக்காரர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. குண்டு தலையில் பட்டுத் தாடையோ காதோ சிதறிப்போனால் சன்மானம் தருகிற இடத்தில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் தலையைப் பார், தலையை விட்டுவிட்டு நெஞ்சில் சுடு. கை தானாகக் காத்திருந்தது.

குட்டி மறுபடி கத்தியது. இந்தத் தடவை நீளமாக.

'சீ, இது ஒரு புத்தியா!' என்று தன்னையே வைதுகொண்டார். அங்கே ஒரு உயிர் துடிக்கிறது, நான் காது போய்விடுமே என்று படுத்திருக்கிறேன். காதாவது மண்ணாவது! மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். விரல் விசையை இழுக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு மயிரிழைதான்.

வலது பக்கப் புதரில் ஒரு அசைவு. இன்னொரு மண் நிறம். புதர்களுக்கு மேலே முதுகு மட்டும் தெரிய, அம்பாகப் பாய்ந்து அந்தக் குட்டியை நோக்கியே வந்தது. ஜோடி! ஆண் நரியும் வந்துவிட்டது! டெல்வினின் ரைஃபிள் தானாக அதன் பக்கம் திரும்பியது. முழு மிருகத்தையும் பார்க்காமல் சுடாதே என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், பார்க்காமல் சுட்டார்.

அது ஒரு குட்டிக்கரணம் அடித்துப் புதருக்குள் விழுந்தது. வெடிச்சத்தம் மலையில் முட்டித் திரும்பி வருவதற்குள் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டார். குறுக்குக் கோடு பழைய முதுகுக்குத் திரும்பியது.

அந்த முதுகு எழுந்து நின்றது. இரண்டு காலில் நின்றது. அதன் மேல் ஒற்றைப் பின்னல் தொங்கியது.

"சுடாதீங்க! ஆள் இருக்கு! இங்க ஆள் இருக்கு!" இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருவனை நோக்கி அவள் கத்தினாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேடு மேடாகத் திரும்பிக் கத்தினாள். "ஐயா, தயவுசெஞ்சு சுடாதீங்க! புண்ணியமாப் போகும்!"

டெல்வின் ரைஃபிளை நெருப்பைத் தொட்டது போல விட்டார். ஷைலீன் என்று கூப்பிட வாய் திறந்தார், காற்றுதான் வந்தது. எழுந்தார், விழுந்தார், சரளைக்கல்லில் உட்கார்ந்தபடியே சறுக்கினார், மறுபடி எழுந்து ஓடினார். முட்டி வலி எங்கே போனதோ! ஒரு மயிரிழை, ஒரு மயிரிழை என்று மனசுக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் அவரால் கடைசிவரை மறக்க முடியாது.

"அப்பா! அப்பா, குனிஞ்சுக்கோங்க! எவனோ சுடுறான்பா. நீங்க எப்படி இங்க... அவனைப் பாத்தீங்களா? எந்தப் பக்கம் இருக்கான்?"

டெல்வின் நின்றார். பொய் சொல்ல ஒரு கணம் இடம் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிட்டான் என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"நான்தான்மா," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள், வேறு யாராவது வருகிறார்களா என்று. பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் துப்பாக்கி இல்லை; ஆனால் கழுத்தில் ஊதல் தொங்கியது.

"கிட்ட வராத," என்றாள். விவரம் தெரிந்த பிறகு அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் காலடியில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட மான்குட்டி ஒன்று, கண்ணில் துணி கட்டி, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. பிடித்தால் குட்டி கத்தும். கத்தினால் தாய் வரும். கொஞ்ச தூரம் தள்ளி அந்தத் தாய் விழுந்து கிடந்தது. குட்டியின் மேல் ஏதோ மிருகம் விழுந்துவிட்டது என்று, காலால் உதைத்துக் காப்பாற்ற ஓடி வந்தது. குண்டு நெஞ்சில் பட்டிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது.

"உப்பளம்னு சொன்ன," என்றாள் ஷைலீன்.

"நீ வடக்கு மலைன்னு சொன்ன."

"நான் சொல்லக்கூடாது, அது என் வேலை! நீ எதுக்கு இங்க வந்த? உன் ஆயுசுல ஜூன்ல இந்த மலைல ஏறியிருக்கியா? உனக்கு ரோடு போதாதா? சுட்டது போதாதா? இந்த ஒரு பள்ளத்தையாவது விடக்கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசுப்பா! அங்க அவ்வளவு பேரு முன்னாடி பேசத் தெரிஞ்சுதில்ல? இப்பப் பேசு!"

"நீதானம்மா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"ஸ்கூல்ல சொன்னியே. குட்டி போடுற எடத்துல, குட்டி போடுற நேரத்துல, அங்க இருக்குற ஜோடியை எடுத்தாத்தான் பிரயோஜனம்னு. ஜூன்ல யாரு ஏறுறீங்கன்னு கேட்டியே. அதான்... ஏறினேன்."

"நான் சொன்னதை நம்பினியா?"

"ம்."

"எல்லார் முன்னாடியும் என்னைக் கயோட்டி வக்கீல்னு சொல்லிச் சிரிக்க வெச்சுட்டு, வீட்டுக்கு வந்து நம்பினியா? எப்பலேர்ந்து?"

"அன்னிக்கேதான். நீ பேசும்போதே."

"ஐயோ, அதை என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" அவள் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள். "ஒரு வார்த்தை! சாப்பிடும்போது ஒரு வார்த்தை! 'நான் பியர்சன் பள்ளத்துக்குப் போறேன்'னு ஒரே ஒரு வார்த்தை!"

அவர் அசையாமல் குத்து வாங்கிக்கொண்டார். இன்னும் குத்தட்டும் என்றிருந்தது. குத்துகிற கை உயிரோடு இருக்கிற கை அல்லவா.

அழுகை அடங்கியபின் அவள் குட்டியின் பக்கத்தில் முட்டி போட்டு வேலையை முடித்தாள். எடை பார்த்தாள். காலரை மாட்டினாள். கண்ணில் கட்டிய துணியை அவிழ்த்தாள்.

"இனிமே அதுக்கு எதுக்கும்மா காலரு?"

"எடுத்த வேலையைப் பாதில விட முடியாது."

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். ஆட்டுப்பால் குடுத்து வளத்துடுவா உங்கம்மா."

"கூடாதுப்பா. உங்களுக்கே தெரியும். மான் நோய் பரவும்னு சட்டமே இருக்கு, காட்டுலேர்ந்து ஒரு குட்டியையும் வெளிய கொண்டுபோக முடியாது." மறுபடி நீங்க என்று வந்துவிட்டது. அது மன்னிப்பா, களைப்பா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் செத்த மானைப் பார்த்தார். பருவம் இல்லாத காலத்தில் பெண்மானைச் சுட்டது குற்றம். ஊர்ப் பழக்கம் வேறு: குழி தோண்டு, மூடு, வாயையும் மூடு. இத்தனைக்கும் பார்த்தது மகள் மட்டும்தான். ஆனால் மூடினால் அவளும் சேர்ந்து மூட வேண்டும். அவள் வேலை என்ன ஆகும், அவள் முகத்தில் இவர் எப்படி விழிப்பது?

"மேட்டு மேல சிக்னல் கெடைக்கும்," என்றார். "வேட்டை அதிகாரிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"லைசென்ஸ் போயிடும்பா. வருஷக்கணக்குல துப்பாக்கியைத் தொட முடியாது."

"போகட்டும்மா. போறது போகட்டும்."

அதிகாரி தொலைவில் இருந்தார். வந்து சேரச் சாயங்காலம் ஆகும், எதையும் தொடாதீர்கள், குட்டியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று டெல்வின் இரண்டு முறை கெஞ்சினார். "முடியாது, சகோதரர் ஓக்கர்லண்ட்," என்று, கோயிலில் கூப்பிடுகிற அதே மரியாதையோடு, இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது.

அப்பனும் மகளும் ஜூனிபர் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இருந்த ஒரே ஃபிளாஸ்கில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். குட்டி ரொம்ப நேரம் புதருக்குள் படுத்தே கிடந்தது. வெயில் ஏறியதும் எழுந்து, நாலு குச்சிக் காலில் தள்ளாடித் தாயிடம் போனது. முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு கத்த ஆரம்பித்தது. வெயில் சாயும்வரை நிறுத்தவே இல்லை.

டெல்வின் காதைப் பொத்திக்கொண்டார். அதே சத்தத்தை எத்தனையோ காலையில் அவரே ஊதியிருக்கிறார்.

"அப்பா," என்றாள் ஷைலீன், தணிந்த குரலில்.

ஆஸ்பென் மரங்களுக்குள்ளிருந்து கயோட்டி வந்துவிட்டது. பெண் கயோட்டி. வயிற்றின் கீழே காம்புகள் தொங்கின. எங்கேயோ வளைக்குள் அதற்கும் குட்டிகள் இருந்தன. மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்த்தது. காற்று எதிரே இருந்ததால் மனித வாடை அதற்குப் போகவில்லை.

டெல்வினின் கை ரைஃபிளை எடுத்துவிட்டது. ஸ்கோப்பில் இந்தத் தடவை எல்லாமே தெரிந்தன: காது, தாடை, நெஞ்சு. ஒரு வாரமாக எதற்காக மலை ஏறினாரோ அது எதிரே நின்றது. தப்பவே முடியாது.

"என்னம்மா பண்ணட்டும்?" என்றார்.

அவளிடம் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"சுட்டீங்கன்னா குட்டி இன்னிக்குச் சாகாது," என்றாள். "பால் இல்லாம நாளைக்கோ மறுநாளோ சாகும். கத்திக்கிட்டே கெடக்கும். அவ்வளவுதாம்பா வித்தியாசம்."

"அதிகாரி வந்துட்டா?"

"வந்தா அவரே அதைச் சுடுவாரு. வேற என்ன பண்ண முடியும்?"

கயோட்டி ஒரு அடி வைத்தது, நின்றது, இன்னொரு அடி வைத்தது. குட்டி அதைப் பார்த்து, தாய் என்று நினைத்ததோ என்னவோ, இரண்டு எட்டு அதை நோக்கியே நடந்தது. டெல்வின் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டார். அப்படி வைப்பதற்கு அவருக்கு இருந்த பலமெல்லாம் வேண்டியிருந்தது.

"நீங்க பாக்க வேணாம்பா. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

"நீ?"

"நான் பாக்கணும்."

அவர் திரும்பவில்லை. அவளோடு சேர்ந்து பார்த்தார். கத்தல் ஒரு தடவை ஓங்கி எழுந்து, நின்றுபோனது. கயோட்டி குட்டியைக் கவ்விக்கொண்டு மரங்களுக்குள் போனது. பள்ளம் அமைதியாகிவிட்டது. ஷைலீன் மணியைப் பார்த்தாள்.

"செத்தது எதனாலன்னு எழுதணுமில்ல நீ," என்றார் டெல்வின். "இதை யாரு கொன்னதுன்னு எழுதுவ? நரின்னா?"

ஷைலீன் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"இல்லப்பா. மனுஷன்னுதான் எழுதணும்," என்றாள்.

டெல்வின் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்தாள். கீழே ரோட்டில் அதிகாரியின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்த பிறகும் எடுக்கவில்லை.